தாங்கிக்கோ என்கிறார்கள், பேசாதே என்கிறார்கள்

போன வருசம் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு 'மன உறுதிப் பயிலரங்கு' என்று ஒன்று நடத்தினார்கள். கல்லூரிப் பெயர் வேண்டாம். இப்போது எல்லா இடத்திலும் இது நடக்கிறது. வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்திருந்தார். சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு மேடையில் இங்கும் அங்கும் நடந்தபடி இரண்டு மணி நேரம் பேசினார். யார் என்ன சொன்னாலும் மனசுக்குள் எடுத்துக்கொள்ளக் கூடாதாம். வார்த்தை வெறும் காற்றுதானாம். கண்ணை மூடி, மூச்சை உள்ளே இழுத்து, பத்து எண்ணி வெளியே விட வேண்டுமாம். விட்டார்கள். கைதட்டினார்கள். கேசரியும் மிக்சரும் கொடுத்து அனுப்பினார்கள்.

அதே வாரம் அதே கல்லூரியில் பத்துப் பதினைந்து பசங்க, டிசம்பர் 6 அம்பேத்கர் நினைவு நாளுக்கு ஒரு கூட்டம் நடத்த அனுமதி கேட்டு மனு கொடுத்தார்கள். யார் பேசுவார், என்ன பேசுவார், எழுதிக் கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்தார்கள். 'சாதி' என்ற சொல் வருகிற இடத்தையெல்லாம் சிவப்பு மையால் சுழித்து, இதெல்லாம் மற்ற மாணவர்களின் உணர்வைப் புண்படுத்தும், இதை எடுத்துவிட்டுப் படத்துக்கு மாலை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்தார்கள். பேசுவதற்குக் கூப்பிடப்பட்டிருந்தவன் நான். அதனால்தான் எனக்கு இந்தக் கதை தெரியும்.

அன்றைக்குச் சாயங்காலம் கல்லூரி வாசலுக்கு எதிரே டீக்கடையில் அந்தப் பசங்களோடு உட்கார்ந்திருந்தேன். அதுவரை வாயே திறக்காத ஒரு பையன் கேட்டான்: "ஏண்ணே, அவுங்க சொன்னா காத்துங்கிறாங்க. நாம சொன்னா மட்டும் எப்படிண்ணே புண்ணாவுது?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் என் கதை. நம்மில் கல்லூரிக்குப் போன எல்லாருக்கும் இதே கதைதான். ஊர்ப் பெயர் மட்டும் மாறும்.

நான் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்தவன். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் சுற்றறிக்கை கொண்டுவருவார். "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் பசங்கள்ளாம் எந்திரிங்க" என்பார் வாத்தியார். எழுந்து நின்றோம். அன்றுவரை எங்களுக்குப் பெயர் இருந்தது. மறுநாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பெஞ்சு மாறிவிட்டான். சண்டை ஒன்றும் இல்லை. ஜன்னலோரம் காற்று வருதுன்னு போயிட்டான். செய்முறைத் தேர்வுக்கு வந்தவர் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார். பாடத்தில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மார்க் போட்டார். எவ்வளவு போட்டிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் தாங்கினேன். எப்படித் தாங்கினேன் என்று இப்போது யோசித்தால் மூச்சுப் பயிற்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. விடுதியில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்திருந்தோம். ராத்திரி விளக்கு அணைத்த பிறகு ஒருத்தன் அந்த வாத்தியார் மாதிரியே பேசிக் காட்டுவான். "தம்பி எந்தத் தெரு? மேலத் தெருவா, கீழத் தெருவா?" சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். பிறகு ஒருத்தன் அவனுக்கு நடந்ததைச் சொல்வான், இன்னொருத்தன் சொல்வான். எட்டுப் பேருக்கும் அதுவே நடந்திருக்கிறது என்று தெரிந்தபோதுதான் குறை என்னிடத்தில் இல்லை என்று எனக்குப் புரிந்தது. அது வரைக்கும் நான் நாற்றம் அடிக்கிறேனோ என்று தினம் இரண்டு தடவை குளித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வகுப்பிலேயே இன்னொருத்தன் இருந்தான். அவனும் சேரிதான். உறவுக்காரர் வீட்டில் தங்கிப் படித்தான். விடுதிப் பேச்சு அவனுக்குக் கிடையாது. எல்லாவற்றையும் தனியாக விழுங்கினான். இரண்டாம் வருசம் பாதியில் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை. கணக்கில் எங்கள் எல்லாரையும்விட அவன் கெட்டி. இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் பார்ப்பேன். செங்கல் சூளையில் கணக்கு எழுதுகிறான்.

அவனுக்கு மனத்திடம் இல்லை என்று சொல்பவனை நான் மனிதனாகவே மதிக்க மாட்டேன். அவனுக்கு இல்லாமல் போனது பேசுவதற்கு ஆள்.

*

'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனசு மெலிசு, ஒரு சொல் தாங்க மாட்டேங்கிறார்கள்' என்கிற பேச்சு உலகம் பூராவும் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகம் 2016 ஆகஸ்டில், புதிதாகச் சேரவிருந்த மாணவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. பாடத்தில் மனசு நோகிற விசயம் வரும் என்று முன்கூட்டி எச்சரிப்பதையும், பிடிக்காத கருத்திலிருந்து ஒதுங்கிக்கொள்ளத் தனி இடம் ஒதுக்குவதையும் நாங்கள் ஆதரிக்கவில்லை, இங்கே எல்லாக் கருத்தும் வரும் என்றது அந்தக் கடிதம். பாராட்டியவர்கள் உண்டு, திட்டியவர்களும் உண்டு. எனக்கு அதில் பாதி சம்மதம். கருத்தோடு மோதித்தான் படிக்க வேண்டும். ஆனால் மோதுகிற இரண்டு பேரும் ஒரே தரையில் நிற்கிறார்களா என்று அந்தக் கடிதம் கேட்கவில்லை. நம் நாட்டில் அதைக் கேட்காமல் ஒரு வார்த்தை பேச முடியாது.

இந்தியாவில் சொல் தாங்காதவர்கள் யார்? வரலாற்றைப் புரட்டுவோம்.

1936. லாகூரில் ஜாத்-பட்-தோடக் மண்டல் என்று ஒரு சங்கம். சாதியை ஒழிக்கிறோம் என்று கிளம்பிய சாதி இந்துக்களின் சங்கம். தங்கள் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அவர்களேதான் அழைத்தார்கள். உரையை முன்கூட்டி வாங்கிப் படித்தார்கள். வேதத்தையும் சாஸ்திரத்தையும் தொட்ட இடங்கள் அவர்களுக்குத் தாங்கவில்லை. எடுத்துவிடுங்கள் என்றார்கள். அம்பேத்கர் எதையும் எடுக்க மாட்டேன் என்றார். மாநாட்டையே ரத்து செய்துவிட்டார்கள். அவர் தன் கைக்காசில் 1500 பிரதி அச்சடித்தார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. ஒரு மனிதன் பேசப்போகிற பேச்சைத் தாங்க முடியாமல் ஒரு மாநாட்டையே கலைத்தவர்கள் யார்? தாழ்த்தப்பட்டவர்களா?

2015. சென்னை ஐ.ஐ.டி. அதற்கு முந்தின வருசம் ஏப்ரல் 14 அன்று மாணவர்கள் சிலர் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் தொடங்கியிருந்தார்கள். அதே வளாகத்தில் விவேகானந்தர் பெயரில் ஒரு படிப்பு வட்டம் இருந்தது. அந்தப் பெயர் யாரையும் உறுத்தவில்லை. அம்பேத்கர், பெரியார் என்றதும் இந்தப் பெயர் மாணவர்களைப் பிரிக்கும், மாற்று என்றார்கள். பிறகு பெயர் போடாத ஒரு மொட்டைக் கடிதம் டெல்லிக்குப் போயிற்று. மோடி அரசுக்கு எதிராகவும் இந்துக்களுக்கு எதிராகவும் வெறுப்பைப் பரப்புகிறார்கள் என்று புகார். மத்திய மனிதவள அமைச்சகம் அதை ஐ.ஐ.டி.க்கு அனுப்பி விளக்கம் கேட்டது. 2015 மே மாதம் வட்டத்தின் அங்கீகாரத்தைப் பறித்தார்கள். நாடு முழுக்கப் போராட்டம் நடந்தது. ஜூன் முதல் வாரத்தில் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு துண்டறிக்கை. அதற்கு இவ்வளவு பெரிய நிறுவனமும் ஒரு மத்திய அமைச்சகமும் ஆடிப்போயின.

ஆக, மூச்சை இழுத்துப் பத்து எண்ணும் பயிற்சி யாருக்குத் தேவை என்று வாசகர்களே முடிவு செய்யுங்கள்.

*

எங்களுக்குத் தாங்கத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். தாங்குவதில் நாங்கள் பரம்பரை. அம்பேத்கர் வெளிநாட்டில் படித்துவிட்டு 1917இல் பரோடாவில் வேலைக்குப் போனார். பார்சி விடுதியில் தங்கியிருந்தவரைக் கம்புகளோடு வந்த கூட்டம் விரட்டியது. அன்று தங்க ஒரு இடம் கிடைக்காமல் ஒரு பூங்காவில் போய் உட்கார்ந்தார். இதை அவரே எழுதியிருக்கிறார். அவர் தாங்கினார். ஆனால் தாங்கியதோடு நிற்கவில்லை. 1920 ஜனவரியில் பத்திரிகை தொடங்கினார். அதன் பெயர் 'மூக்நாயக்', ஊமைகளின் தலைவன். அதற்குக் காசு கொடுத்து விளம்பரம் போடச் சொல்லியும் திலகரின் 'கேசரி' போட மறுத்தது. 

நம் பக்கத்தில் அதற்கும் முன்னாலேயே நடந்திருக்கிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லை வைத்து ஊரார் இழிவுபடுத்தினார்களோ அதையே தலைப்பில் பெரிய எழுத்தில் போட்டார்: 'பறையன்'. அந்தப் பெயரை ஏற்காத அயோத்திதாசர், நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். இரண்டு பெரியவர்களும் இரண்டு வழி. இரண்டு வழியும் அச்சில் வந்தன. எழுதியதால்தான் அவர்கள் நின்றார்கள்.

பேச விடாமல் தாங்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு ஐதராபாத் சாட்சி.

ரோஹித் வெமுலாவும் அவருடைய தோழர்கள் நால்வரும் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள். அம்பேத்கர் மாணவர் சங்கத்துக்காரர்கள். மரண தண்டனைக்கு எதிராகக் கூட்டம் போட்டார்கள். ஒரு ஆவணப்படம் திரையிடுவதைத் தடுத்ததைக் கண்டித்தார்கள். அதிலிருந்து 2015 ஆகஸ்டில் எதிர்த்தரப்பு மாணவர் தலைவர் ஒருவரோடு தகராறு. ஒரு மத்திய அமைச்சர் கடிதம் எழுதினார். மனிதவள அமைச்சகம் பல்கலைக்கழகத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டது. ரோஹித்துக்கு உதவித்தொகை மாதக்கணக்கில் வரவில்லை. கடைசியில் ஐந்து பேரையும் விடுதியை விட்டு வெளியேற்றினார்கள். வகுப்புக்கும் நூலகத்துக்கும் வரலாம், விடுதி, நிர்வாகக் கட்டடம், பொது இடங்கள் பக்கம் வரக் கூடாது.

இதற்கு நம் ஊரில் என்ன பெயர்? ஊர்விலக்கு. அந்த மாணவர்களுக்கு அது உடனே புரிந்தது. 2016 ஜனவரி முதல் வாரத்தில் வளாகத்துக்குள்ளேயே பந்தல் போட்டு, தலைவர்களின் படங்களை வைத்து, அதற்கு 'வெளிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் ஊருக்கு வெளியே இருக்கும் சேரி என்று பொருள். அந்தக் குளிரில் அங்கேயே படுத்தார்கள். ஜனவரி 17 அன்று ரோஹித் இறந்தார். ஒரு மாதம் முன்பே துணைவேந்தருக்குத் தன் நிலைமையை எழுதியவர் அவர். அந்தக் கடிதம் ஒரு மனிதன் விட்ட கூச்சல். கேட்கிற காது அங்கே இல்லை.

பிறகு அரசு ஒரு விசாரணை ஆணையம் போட்டது. அது சொன்ன முடிவு: சாதிப் பாகுபாடு காரணமில்லை, சொந்த விரக்தி. பார்த்தீர்களா, கடைசியில் எல்லாம் மனசில் போய் முடிகிறது. பேசியதற்காகத் தண்டித்தது, பணத்தை நிறுத்தியது, அறையைப் பூட்டியது எல்லாம் ஆவியாகப் போய்விடும். மிஞ்சுவது செத்தவனின் மனசு. 2023இல் மும்பை ஐ.ஐ.டி.யில் முதலாண்டு மாணவர் தர்ஷன் சோலங்கி இறந்தபோதும் நிறுவனத்தின் விசாரணைக் குழு சாதிப் பாகுபாட்டுக்குக் குறிப்பான ஆதாரம் இல்லை, படிப்பில் பின்தங்கியது காரணமாக இருக்கலாம் என்றது. சேலத்திலிருந்து ஐதராபாத்துக்குப் போன செந்தில்குமார் 2008இல், சேலத்திலிருந்து ஜே.என்.யு.வுக்குப் போன முத்துகிருஷ்ணன் 2017இல். இரண்டு பேருமே ஊரைத் தாண்டி, மாநிலத்தைத் தாண்டி, மொழியைத் தாண்டிப் போனவர்கள். அவ்வளவு தூரம் போனவர்களுக்கா மனத்திடம் இல்லை?

*

இத்தனையும் எதிராளிக்குச் சொன்னேன். இனி நமக்குள் கொஞ்சம் பேச வேண்டும். இது சிலருக்குக் கசக்கும்.

2012 மே மாதம். மத்திய அரசின் பதினோராம் வகுப்பு அரசியல் பாடப் புத்தகத்தில் ஒரு கேலிச்சித்திரம் இருந்தது. 1949இல் சங்கர் வரைந்தது. அரசியல் சட்டம் என்கிற நத்தையின் மேல் அம்பேத்கர் உட்கார்ந்திருப்பார், பின்னால் நேரு சாட்டையோடு நிற்பார். தோழர் திருமாவளவன் நாடாளுமன்றத்தில் பிரச்சினையைக் கிளப்பினார். படத்தை நீக்குவதாக அரசு சொன்னது. பாடநூல் குழுவின் ஆலோசகர்கள் இருவர் பதவி விலகினார்கள். அதில் ஒருவருடைய புனே அலுவலகத்தில் நம் பெயரைச் சொல்லிக்கொண்டு சிலர் புகுந்து உடைத்தார்கள்.

அன்று படத்தை நீக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். என் கோபம் பொய்யில்லை. அந்தப் பாடம் நடக்கிற வகுப்பில் நாற்பது பேரில் நம் பிள்ளை ஒன்றோ இரண்டோ இருக்கும். அம்பேத்கர் முதுகுக்குப் பின்னால் சாட்டை. பக்கத்து பெஞ்சில் களுக்கென்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அனுபவித்தவனுக்குத்தான் அது தெரியும்.

இன்று வேறு மாதிரி யோசிக்கிறேன். படம் போயிற்று. சிரித்தவன் போனானா? சிரிப்பைக் கண்டும் காணாத வாத்தியார் போனாரா? நேருவின் சாட்டை ஏன், அரசியல் சட்டம் எழுத ஏன் அவ்வளவு நாள் பிடித்தது, அந்த வேலையை அம்பேத்கர் எப்படித் தூக்கிச் சுமந்தார் என்று எழுந்து சொல்லும் தைரியத்தை நம் பிள்ளைக்குக் கொடுத்திருக்க வேண்டும். பக்கத்தைக் கிழிப்பது எளிது. அதைச் செய்துவிட்டு ஜெயித்துவிட்டோம் என்று வந்துவிட்டோம்.

'உணர்வு புண்பட்டது' என்கிற ஆயுதம் நம் கையில் நிற்காது. எண்ணிக்கையும் காவல் நிலையமும் கலெக்டர் ஆபீசும் எவன் பக்கம் இருக்கிறதோ அவன் கைக்குத்தான் அது போகும். 2015 ஜனவரியில் நாமக்கல்லில் பார்த்தோம். பெருமாள்முருகன் கல்லூரி ஆசிரியர். 'மாதொருபாகன்' நாவலால் சாதியின் மனம் புண்பட்டது என்று கடையடைப்பு நடத்தி, அதிகாரிகள் முன்னால் உட்காரவைத்து மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்கும்படி ஆயிற்று. 2016 ஜூலையில் உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. அந்தக் கூட்டம் பேசிய மொழியும் நாம் 2012இல் பேசிய மொழியும் ஒன்றாக இருக்கலாமா?

அம்பேத்கர் என்ன செய்தார் என்று பாருங்கள். 'சாதி ஒழிப்பு' வெளிவந்ததும் காந்தி 'ஹரிஜன்' ஏட்டில் அதை மறுத்து எழுதினார். அடுத்த வருசம் இரண்டாம் பதிப்பு போட்டபோது அம்பேத்கர் அந்த மறுப்பைத் தன் நூலிலேயே சேர்த்து அச்சடித்தார். பின்னாலேயே தன் பதிலையும் வைத்தார். படிக்கிறவன் இரண்டையும் படித்துத் தீர்மானிக்கட்டும் என்று விட்டார். இதுதான் மனத்திடம். இதற்குப் பயிலரங்கு கிடையாது.

*

அப்படியென்றால் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொண்டு இரு என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை.

இட ஒதுக்கீடு வேண்டாம் என்று ஒரு மாணவன் கூட்டத்தில் பேசுகிறான். பேசட்டும். அது கருத்து. எழுந்து பதில் சொல்வோம், நம்மிடம் நூறு வருசத்துப் பதில் இருக்கிறது. அதே மாணவன் சாப்பாட்டுக் கூடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டுகிறான். அது கருத்து இல்லை, வன்கொடுமை. அதற்கு 1989ஆம் வருசத்துச் சட்டம் இருக்கிறது. இது வரைக்கும் குழப்பமில்லை.

குழப்பம் நடுவில் இருக்கிறது. "கோட்டாவுல வந்தவனுக்கு இது புரியாது" என்று ஒரு பேராசிரியர் சொல்கிறார். இது கருத்தா, திட்டா? நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த இடத்திலேயே, அப்போதே, எனக்கு ஒன்றும் கெட்டுப்போகாமல் நான் திருப்பிப் பேச முடியுமா? முடியும் என்றால் அது விவாதம். எவ்வளவு கசந்தாலும் கேட்கிறேன். பேசுகிறவர் கையில் என் மார்க் இருக்கிறது, என் ஆய்வேட்டில் போட வேண்டிய கையெழுத்து இருக்கிறது, என் உதவித்தொகைப் படிவம் இருக்கிறது, நான் வாய் திறந்தால் அது நிற்கும் என்றால் அது விவாதம் இல்லை. அது பண்ணையார் பேச்சு. பண்ணையார் பேச்சுக்குக் கருத்துரிமை என்று பெயர் வைக்கக் கூடாது.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்ததை விசாரிக்க 2006இல் தோரட் குழு போட்டார்கள். 2007இல் அறிக்கை வந்தது. விடுதியில் ஒதுக்கல், வகுப்பில் ஒதுக்கல், வாய்மொழித் தேர்வில் சாதி பார்த்தல் எல்லாம் மாணவர்களே சொல்லிப் பதிவாகியிருக்கின்றன. அதைப் படித்தபோது எனக்கு அந்த 'எந்தத் தெரு' வாத்தியார்தான் ஞாபகம் வந்தார். நான் படித்தது ஒரு மூலைக் கல்லூரி. அது நாட்டின் முதல் மருத்துவக் கல்லூரி. கேள்வி ஒன்றே. 2012இல் பல்கலைக்கழக மானியக் குழு பாகுபாட்டைத் தடுக்க விதிமுறை வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் ரோஹித், முத்துகிருஷ்ணன், 2019இல் மும்பை மருத்துவ மாணவி பாயல் தட்வி. விதி காகிதத்தில் இருந்தது. புகார் கொடுத்தவனுக்கு மறுநாள் என்ன ஆகும் என்பதை அந்தக் காகிதம் மாற்றவில்லை.

*

1972இல் பம்பாயில் நம் தோழர்கள் அமெரிக்கக் கறுப்பர்களின் இயக்கத்தைப் பார்த்துத் தலித் சிறுத்தைகள் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கறுப்பின மாணவர்களிடம் இன்னொன்றும் கற்றுக்கொள்ள இருக்கிறது.

நாஷ்வில் என்ற ஊர். 1959, 1960. வெள்ளையர் மட்டும் சாப்பிடும் கடைகளில் போய் உட்கார்வது என்று கல்லூரி மாணவர்கள் முடிவு செய்தார்கள். உட்கார்ந்தால் திட்டுவான், எச்சில் துப்புவான், அடிப்பான். அதற்காக ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் கூடிப் பயிற்சி எடுத்தார்கள். ஜேம்ஸ் லாசன் என்ற இறையியல் மாணவர் நடத்தினார். பாதிப் பேர் உட்கார்வார்கள். பாதிப் பேர் வெள்ளைக் கூட்டமாக நடித்து அவர்களைக் கேவலமாகத் திட்டுவார்கள், மூஞ்சியில் புகை ஊதுவார்கள், நாற்காலியிலிருந்து இழுத்துத் தள்ளுவார்கள். பிறகு எல்லாரும் உட்கார்ந்து, உனக்கு எங்கே வலித்தது, எனக்கு எங்கே கோபம் வந்தது என்று பேசுவார்கள். 1960 பிப்ரவரியில் கடைகளுக்குப் போனார்கள். மே மாதம் கடைக்காரர்கள் இறங்கி வந்தார்கள்.

லாசன் 1950களில் நாக்பூரில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர், காந்தியைப் படித்தவர். அந்த வகையில் எனக்கும் அவருக்கும் சண்டை உண்டு. சண்டை இருக்கட்டும். அந்தப் பயிற்சி நமக்கு வேண்டும். அதுவும் மன உறுதிப் பயிலரங்குதான். ஆனால் வித்தியாசம் பாருங்கள். அதை நிர்வாகம் நடத்தவில்லை, மாணவர்களே நடத்தினார்கள். தாங்கிக்கொண்டு சும்மா இருப்பதற்கு நடத்தவில்லை, போய் உட்கார்வதற்கு நடத்தினார்கள். தனித்தனியாகக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு எடுத்தார்கள். நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1960 மார்ச்சில் லாசனை வெளியேற்றியது. 46 வருசம் கழித்து, 2006இல், அதே பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராகக் கூப்பிட்டது.

அதனால் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். விடுதியில் வாரம் ஒரு ராத்திரி உட்காருங்கள். அந்த வாரம் யாருக்கு என்ன நடந்தது என்று சொல்லுங்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள். புகார் கொடுத்தால் ஒருத்தர் பெயரில் கொடுக்காதீர்கள், பத்துப் பேர் கையெழுத்தோடு கொடுங்கள். நம் தலைவர்களைத் திட்டி ஒரு கட்டுரை வந்தால் கொளுத்தாதீர்கள், உட்கார்ந்து படித்துப் பதில் எழுதுங்கள், நாங்கள் அச்சடிக்கிறோம். தனி அறை எடுத்துத் தங்கியிருக்கிற நம் பிள்ளை, வெளிமாநிலத்தில் ஒற்றை ஆளாகப் படிக்கிற நம் பிள்ளை, ஆங்கிலம் வராமல் வாய் மூடிக் கிடக்கிற நம் பிள்ளை யார் என்று கணக்கெடுங்கள். வாரம் ஒரு தடவை போன் போடுங்கள். தூக்கம் வராமல், சோறு இறங்காமல், எதற்கு இருக்கிறோம் என்று ஒருத்தர் பேசினால் போராளிக்கு இது அழகா என்று கேட்காதீர்கள். கூடவே போய் டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலுக்குப் போகிற மாதிரிதான் அதுவும். மருத்துவமும் வேண்டும், போராட்டமும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைப்பதுதான் அவர்கள் வேலை.

அந்தக் கல்லூரியில் டிசம்பர் 6 என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உள்ளே படத்துக்கு மாலை போடும் நிகழ்ச்சியைப் பசங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் வாசலுக்கு எதிரே அதே டீக்கடையில் கூடினார்கள். கடைக்காரர் பெஞ்சுகளை ஓரம் தள்ளி இடம் கொடுத்தார். நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். பெண் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். சாதி இந்துப் பசங்களிலும் நாலைந்து பேர் நின்று கேட்டார்கள். ஒருவன் இட ஒதுக்கீட்டைப் பற்றிக் குதர்க்கமாகத்தான் கேட்டான். யாரும் அவன்மேல் பாயவில்லை. ஒரு தங்கச்சி எழுந்து பதில் சொன்னாள். அவன் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கடைசி வரை நின்றான்.

நான் பேசவில்லை. சிவப்பு மையால் சுழித்த அந்தத் தாளை, "எப்படிண்ணே புண்ணாவுது" என்று கேட்ட பையன் கையில் வைத்திருந்தான். சுழித்த இடங்களை மட்டும் சத்தமாகப் படித்தான். முதல் வரியில் குரல் நடுங்கியது. நாலாவது வரியில் நடுக்கம் இல்லை.